நீள் வகுத்தலும் எக்ஸ் கியூபும்

"எனக்குக் கணக்கு வராது" என்று ஒரு பிள்ளை முதன்முதலாகச் சொல்வது பெரும்பாலும் நீள் வகுத்தலில்தான். கூட்டல், கழித்தல், பெருக்கல் வரைக்கும் விரல்விட்டு எண்ணியோ வாய்ப்பாட்டை ஒப்பித்தோ வந்துசேர்ந்த பிள்ளைகள், இரண்டு இலக்க எண்ணால் வகுக்கச் சொன்னதும் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். மாலை நேரங்களில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பென்சில் கீழே போகும் அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். நான்கைந்து ஆண்டுகள் கழித்து ஒன்பதாம் வகுப்பில் எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் மூன்று எக்ஸ் போன்ற பல்லுறுப்புக் கோவைகளை வகுக்கும் பாடம் வரும்போது, அதே முகம் திரும்பவும் தெரிகிறது. "மறுபடியும் வகுத்தலா அக்கா?"

மறுபடியும் வகுத்தல்தான். ஆனால் இது முன்னதைவிடச் சுலபமான வகுத்தல். அது மட்டுமில்லை, சின்ன வகுப்பில் நாம் கை பழக்கத்தில் செய்துகொண்டிருந்தது உண்மையில் என்ன என்பது இங்கேதான் வெளிச்சத்துக்கு வருகிறது. இந்த இரண்டு பாடங்களுக்கும் நடுவே உள்ள உறவைப் பிள்ளைகளிடம் யாரும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம் என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எண்கள். 7548ஐ 37ஆல் வகுக்க வேண்டும். 75இல் 37 எத்தனை தடவை போகும்? இரண்டு. இரண்டு முப்பத்தேழு எழுபத்துநான்கு. கழித்தால் 1. அடுத்து 4ஐக் கீழே இறக்கு. 14இல் 37 போகாது. இந்த இடத்தில் பாதிப் பிள்ளைகள் ஈவில் எதுவும் எழுதாமல் 8ஐயும் இறக்கிவிடுகிறார்கள். 148இல் 37 நான்கு தடவை சரியாகப் போகும். ஈவு 24 என்று முடித்துவிடுகிறார்கள். சரியான விடை 204. நடுவில் இருக்க வேண்டிய பூஜ்ஜியம் காணாமல் போய்விட்டது.

"போகலைன்னா பூஜ்ஜியம் போடணும்" என்று விதியாகச் சொல்லிக்கொடுத்தால் அடுத்த வாரம் மறந்துவிடும். காரணம் தெரிந்தால் மறக்காது. நாம் முதலில் எடுத்த 75 வெறும் 75 இல்லை, 75 நூறுகள். அதை 37 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 2 நூறு, மீதி ஒரு நூறு. அந்த ஒரு நூறு 10 பத்துகள். ஏற்கெனவே இருக்கும் 4 பத்துகளைச் சேர்த்தால் 14 பத்துகள். 37 பேருக்கு ஆளுக்கு ஒரு பத்துகூடத் தர முடியாது. ஆக, பத்துகள் இடத்தில் பூஜ்ஜியம். 14 பத்துகளையும் ஒன்றுகளாக உடைத்து, 8ஐச் சேர்த்தால் 148 ஒன்றுகள். ஆளுக்கு 4. "கீழே இறக்கு" என்று நாம் சொல்லும் அந்த ஒரு சொல்லுக்குள் நூறு பத்தாவதும் பத்து ஒன்றாவதும் ஒளிந்திருக்கிறது. எந்தப் பிள்ளையும் அதைத் தானாகக் கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இன்னொரு கஷ்டம், ஊகம். "எத்தனை தடவை போகும்" என்பதற்கு நேரான வழி கிடையாது. 37க்குப் பதில் 40 என்று வைத்துக்கொண்டு குத்துமதிப்பாகப் பார்க்க வேண்டும். அதிகமாகிவிட்டால் அழித்துவிட்டு ஒன்று குறைக்க வேண்டும். ரஃப் நோட்டின் ஓரமெல்லாம் முப்பத்தேழாம் வாய்ப்பாடாக இருக்கும். பெருக்கல், கழித்தல், கடன் வாங்குதல், இடமதிப்பு, ஊகம் என ஐந்து வேலைகளையும் பத்து வயதுப் பிள்ளை ஒரே நேரத்தில் கையில் பிடித்திருக்க வேண்டும். பென்சில் கீழே போவதில் ஆச்சரியமே இல்லை.

இப்போது ஒன்பதாம் வகுப்புக்கு வருவோம். நான் படித்தது ஒரு சிற்றூரின் அரசுப் பள்ளியில். எங்கள் கணக்கு டீச்சர் பல்லுறுப்புக் கோவை வகுத்தலைத் தொடங்கிய அன்று கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தார். இடப்பக்கம் 1331 வகுத்தல் 11. வலப்பக்கம் எக்ஸ் கியூப், மூன்று எக்ஸ் ஸ்கொயர், மூன்று எக்ஸ், ஒன்று. அதை வகுக்க வேண்டியது எக்ஸ் பிளஸ் ஒன்று. இரண்டையும் வரி வரியாகச் சேர்த்தே செய்துகொண்டு போனார்.

இடப்பக்கம் 13இல் 11 ஒரு தடவை, கழித்தால் 2, 3ஐ இறக்கினால் 23. வலப்பக்கம் எக்ஸ் கியூபை எக்ஸால் வகுத்தால் எக்ஸ் ஸ்கொயர். பெருக்கிக் கழித்தால் இரண்டு எக்ஸ் ஸ்கொயர் மிச்சம். மூன்று எக்ஸை இறக்கு. இடப்பக்கம் 23இல் 11 இரண்டு தடவை. வலப்பக்கம் இரண்டு எக்ஸ். இடப்பக்கம் 1, அடுத்த 1ஐ இறக்கினால் 11, ஒரு தடவை. வலப்பக்கம் பிளஸ் ஒன்று. இரண்டு பக்கமும் மீதி பூஜ்ஜியம். இடப்பக்கம் ஈவு 121. வலப்பக்கம் ஈவின் கெழுக்கள், அதாவது ஒவ்வொரு உறுப்பின் முன்னாலும் நிற்கும் எண்கள், 1, 2, 1. "எக்ஸுக்குப் பத்து போட்டுப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டார்.

பத்து போட்டால் வலப்பக்கக் கணக்குதான் இடப்பக்கக் கணக்கு. 1331 என்பதே மூன்றாம் படிக் கோவை; எக்ஸின் இடத்தில் பத்து உட்கார்ந்திருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து நாம் எழுதிவந்த ஒவ்வொரு எண்ணும் ஒரு பல்லுறுப்புக் கோவை! ஆயிரம், நூறு, பத்து, ஒன்று என்பவை பத்தின் மூன்றாம் படி, இரண்டாம் படி, முதல் படி, பூஜ்ஜியப் படி. படிகளை எழுதாமல் கெழுக்களை மட்டும் வரிசையாக எழுதுகிறோம், அவ்வளவுதான்.

வலப்பக்கத்தில் ஊகமே இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் உறுப்பை முதல் உறுப்பால் வகுத்தால் போதும், ஈவின் அடுத்த உறுப்பு உறுதியாகக் கிடைத்துவிடும். அதிகமாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம், ஏனென்றால் இங்கே கெழு குறை எண்ணாகவும் இருக்கலாம், பின்னமாகவும் இருக்கலாம். கடன் வாங்கும் வேலையும் கிடையாது. எக்ஸ் ஸ்கொயர் ஒருநாளும் பத்து எக்ஸாக உடையாது. ஒவ்வொரு படியும் தன் இடத்திலேயே நிற்கிறது. மார்க் போவது பெரும்பாலும் ஒரு இடத்தில்: கழிக்கும்போது கீழ்வரிசையின் எல்லாக் குறிகளையும் மாற்ற வேண்டும், அவசரத்தில் முதல் உறுப்புக்கு மட்டும் மாற்றிவிடுவார்கள். குறிகளை மாற்றி எழுதிவிட்டு அப்புறம் கூட்டச் சொன்னால் அதுவும் சரியாகிவிடும்.

காணாமல் போன பூஜ்ஜியம் இங்கேயும் வருகிறது. எக்ஸ் கியூப் மைனஸ் ஒன்றை எக்ஸ் மைனஸ் ஒன்றால் வகுக்கச் சொன்னால், நடுவில் எக்ஸ் ஸ்கொயரும் எக்ஸும் இல்லையே என்று பிள்ளைகள் தடுமாறுவார்கள். 1, 0, 0, −1 என்று இடம் விட்டு எழுத வேண்டும். ஈவு 1, 1, 1. எக்ஸுக்குப் பத்து போட்டால் 999ஐ 9ஆல் வகுத்து 111. ஐந்தாம் வகுப்பில் 204இன் நடுவில் பூஜ்ஜியம் ஏன் தேவைப்பட்டதோ, அதே காரணத்துக்காகத்தான் இங்கேயும் தேவைப்படுகிறது. இந்த இரண்டு பூஜ்ஜியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பிள்ளைகளுக்கு எவ்வளவு தெளிவு வருகிறது என்று நேரில் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பக்கமும் எப்போதும் 1331 போல ஒரே மாதிரி நடக்காது. நடக்காத கணக்குகள்தான் இன்னும் அழகு. 1728ஐ 12ஆல் வகுத்தால் 144, மீதி இல்லை. அதையே 1, 7, 2, 8 கெழுக்களாக வைத்து, எக்ஸ் பிளஸ் இரண்டால் வகுத்துப் பாருங்கள். ஈவு 1, 5, −8 என்று வரும், மீதி 24. எக்ஸுக்குப் பத்து போட்டால் ஈவு 142, மீதி 24. அட, விடை மாறிவிட்டதே என்று தோன்றும். மாறவில்லை. 24இல் 12 இன்னும் இரண்டு தடவை போகும். 142உடன் அந்த இரண்டைச் சேர்த்தால் 144. எண்களின் உலகத்தில் மீதி வகுத்தியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். கோவைகளின் உலகத்தில் மீதியின் படி வகுத்தியின் படியைவிடக் குறைவாக இருந்தால் போதும். 24 எக்ஸ் இல்லாத வெறும் எண், அதாவது மாறிலி, அதன் படி பூஜ்ஜியம், அத்தோடு கணக்கு முடிந்தது. "சிறியது" என்பதை இரண்டு உலகங்களும் வேறு வேறு விதமாக அளக்கின்றன. வகுத்தல் என்ற வேலை மட்டும் ஒன்றேதான்.

வகுக்காமலேயே மீதியைக் கண்டுபிடிக்க உதவும் மீதித் தேற்றத்தைப் பிள்ளைகள் இரண்டு மார்க் கேள்வியாக மட்டும் பார்க்கிறார்கள். மேலே உள்ள கோவையில் எக்ஸுக்கு −2 போடுங்கள்: −8, அதோடு 28, மைனஸ் 4, பிளஸ் 8. மொத்தம் 24. வகுக்காமலேயே மீதி வந்துவிட்டது. காரணம் எளிது. வகுபடும் கோவை என்பது வகுத்தியையும் ஈவையும் பெருக்கி மீதியைச் சேர்த்தது. வகுத்தி பூஜ்ஜியமாகும்படி ஒரு மதிப்பைப் போட்டால் மீதி மட்டும் தனியாக நிற்கும்.

இதை வைத்துக்கொண்டு ஆறாம் வகுப்புக்குத் திரும்பிப் போகலாம். இலக்கங்களைக் கூட்டி ஒன்பதால் வகுபடுமா என்று பார்க்கும் விதி எங்கிருந்து வந்தது? ஒன்பது என்பது பத்து மைனஸ் ஒன்று, அதாவது எக்ஸ் மைனஸ் ஒன்று. எக்ஸுக்கு ஒன்று போட்டால் கெழுக்களின் கூட்டுத்தொகை. 4725க்கு 18, ஒன்பதால் வகுபடும். பதினொன்று என்பது எக்ஸ் பிளஸ் ஒன்று. எக்ஸுக்கு −1 போட்டால் இலக்கங்களை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிப்பது. 2937க்கு −2, +9, −3, +7, மொத்தம் 11, பதினொன்றால் வகுபடும், ஈவு 267. மனப்பாடம் செய்த இரண்டு விதிகளும் ஒரே தேற்றத்தின் இரண்டு வரிகள். இதைச் சொன்னபோது ஒரு பெண், "அப்ப ஏழுக்கும் இருக்குமா அக்கா?" என்று கேட்டாள். ஏழு என்பது எக்ஸ் மைனஸ் மூன்று, எக்ஸுக்கு மூன்று போட வேண்டும் என்று அவளே கண்டுபிடித்து, 1001ஐ எடுத்து 27உம் 1உம் 28 என்று போட்டு, ஏழால் வகுபடும் என்றாள். எந்த விதியும் தெரியாமல் தன் விதியைத் தானே உண்டாக்கிக்கொண்டாள்.

கெழுக்களை மட்டும் எழுதி வகுப்பதைத் தொகுமுறை வகுத்தல் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். இத்தாலியரான பாவ்லோ ருஃபினி 1804இலும் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்னர் 1819இலும் இதைச் சார்ந்த முறைகளை வெளியிட்டார்கள். ஆனால் கெழுக்களைக் கட்டம் கட்டி எழுதிக் கோவைகளை வகுத்த வேலை அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. 12ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் பிறந்த அல்-சமவ்அல், தன் 19ஆம் வயதில் எழுதிய அல்ஜீப்ரா நூலில், படிகளை மேல்வரிசையிலும் கெழுக்களைக் கீழேயும் அட்டவணையாக வைத்து நீள் வகுத்தலைச் செய்து காட்டினார். குறை எண்களைக் கையாளும் விதிகளையும் அவரே எழுதிவைத்தார். நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர்.

அவர் எடுத்துக்கொண்ட ஒரு கணக்கு: இருபது எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் முப்பது எக்ஸை, ஆறு எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் பன்னிரண்டால் வகுப்பது. ஈவின் முதல் உறுப்பு மூன்றும் மூன்றில் ஒரு பங்கும். நம் பாடப்புத்தகம் இங்கே நிறுத்தி, மீதியை எழுதச் சொல்லும். அவர் நிறுத்தவில்லை. எக்ஸின் குறைப் படிகளுக்குள் இறங்கிப் போனார்: அடுத்த உறுப்பு ஐந்தின் கீழ் எக்ஸ், அதற்கடுத்து எக்ஸ் ஸ்கொயர் கீழே, அப்புறம் எக்ஸ் கியூப் கீழே என்று முடிவில்லாமல் போகும். ஒன்றை மூன்றால் வகுக்கும்போது புள்ளி வைத்து 0.333 என்று போய்க்கொண்டே இருக்கிறோமே, அதே காரியம்.

பத்தாம் வகுப்பில் இன்னொரு நீள் வகுத்தல் வருகிறது, பல்லுறுப்புக் கோவையின் வர்க்கமூலம். எட்டாம் வகுப்பில் எண்களை இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து வர்க்கமூலம் கண்ட அதே வழி. இலக்கம் இலக்கமாக வர்க்கமூலம் எடுக்கும் முறையை ஆரியபடர் கி.பி. 499இலேயே தன் ஆரியபடீயம் நூலின் கணிதப் பகுதியான கணிதபாதத்தின் ஒரு சுலோகத்தில் அடக்கிவைத்திருக்கிறார். 14641இன் வர்க்கமூலம் 121. 1, 4, 6, 4, 1 கெழுக்களின் வர்க்கமூலம் 1, 2, 1. இதற்கு மேல் இங்கே விளக்கப் போவதில்லை. மேலே சொன்ன இடப்பக்கம் வலப்பக்கம் வழியில் நீங்களே ஒருமுறை போட்டுப் பார்த்தால் போதும்.

"போன்ல கால்குலேட்டர் இருக்கே, இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கும் பையன்களிடம், அதே போனைக் கொண்டு டீக்கடையில் ஸ்கேன் செய்யும் க்யூஆர் கோடைப் பற்றிச் சொல்வேன். 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் உருவாக்கியது அது. டீக்கறை படிந்து, ஓரம் கிழிந்திருந்தாலும் அது படிக்கப்படுவதற்குக் காரணம் ரீட், சாலமன் என்ற இரண்டு கணித வல்லுநர்கள் 1960இல் கொடுத்த பிழைதிருத்தும் முறை. அனுப்ப வேண்டிய செய்தியைக் கெழுக்களாகக் கொண்டு ஒரு பல்லுறுப்புக் கோவை எழுதுகிறார்கள். அதை முன்பே முடிவுசெய்த ஒரு கோவையால் வகுக்கிறார்கள். ஈவை விட்டுவிட்டு, வரும் மீதியைச் செய்தியின் பின்னால் ஒட்டிவைக்கிறார்கள். அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் ஒரு பகுதி முழுக்க அந்த மீதிதான். பிழைதிருத்தும் அளவை உச்சத்தில் வைத்து அச்சிட்டால் ஏறக்குறைய 30 சதவீதத் தகவல் கெட்டாலும் மீட்க முடியும்.

க்யூஆர் கோடின் கணக்கு கொஞ்சம் பெரியது. அதன் தங்கையைப் பிள்ளைகளின் நோட்டிலேயே போடலாம். கணினிகள் தகவல் அனுப்பும்போது பிழை நேர்ந்ததா என்று பார்க்க வெஸ்லி பீட்டர்சன் 1961இல் கொடுத்த முறை அது. ஈதர்நெட் கேபிளில் போகும் தகவலும் ஜிப் கோப்புகளும் இன்றும் இதே வகைச் சோதனையைச் சுமக்கின்றன. கெழுக்கள் 0, 1 மட்டுமே. கழித்தலுக்கு ஒரே விதி: இரண்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. கடன் வாங்குதல் இல்லை.

செய்தி 1101 என்று வைத்துக்கொள்வோம். வகுத்தி 1011, அதாவது எக்ஸ் கியூப் பிளஸ் எக்ஸ் பிளஸ் ஒன்று. செய்தியின் பின்னால் மூன்று பூஜ்ஜியம் சேர்த்து 1101000ஐ வகுக்க வேண்டும். 1101இல் 1011ஐக் கழித்தால் 110. பூஜ்ஜியத்தை இறக்கினால் 1100. மறுபடி கழித்தால் 111, இறக்கினால் 1110. கழித்தால் 101, இறக்கினால் 1010. கழித்தால் 1. மீதியை மூன்று இலக்கமாக 001 என்று எழுதி, 1101001 என்று அனுப்புகிறோம். வாங்குபவர் அதே வகுத்தியால் வகுத்தால் மீதி பூஜ்ஜியம் வர வேண்டும். வழியில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் மீதி காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பையன் 1101001இல் இலக்கத்தை மாற்றி மாற்றி எழுதி, இன்னொருவனிடம் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்வது எங்கள் வராந்தாவில் இப்போது விளையாட்டாகவே ஆகிவிட்டது. நீள் வகுத்தலைப் பிள்ளைகள் தாமாகக் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள்.

பாடத்திட்டத்தில் இதற்கு வேண்டிய வகுத்தல் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் ஒரு துண்டு, ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று, ஒன்பதிலும் பத்திலும் மற்றத் துண்டுகள் என்று சிதறிக் கிடக்கிறது. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் முதல் நாள் கரும்பலகையில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் எண்ணையும் வலப்பக்கம் கோவையையும் எழுதினால் போதும். புதிதாகப் புத்தகம் வேண்டாம், கணினி வேண்டாம். முழுதாக ஒரு பீரியடுகூட ஆகாது. எங்கள் டீச்சர் செய்தார், அதனால்தான் எனக்குக் கணக்கு பிடித்தது.

கடைசியாக ஒரு கணக்கு கொடுக்கிறேன். வகுத்தலைக் கண்டு இன்னும் முகம் சுளிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், பக்கத்தில் உட்கார வைத்துச் சேர்ந்தே போடுங்கள். 10000ஐ 9899ஆல் வகுக்க வேண்டும். ஒரு தடவை போகும், மீதி 101. புள்ளி வைத்து, இந்த முறை ஒவ்வொரு தடவையும் இரண்டு பூஜ்ஜியங்களை இறக்குங்கள். 10100இல் ஒரு தடவை, மீதி 201. 20100இல் இரண்டு, மீதி 302. 30200இல் மூன்று, மீதி 503. 50300இல் ஐந்து, மீதி 805. ஈவில் இரண்டிரண்டு இலக்கமாக 01, 02, 03, 05 என்று வந்துகொண்டே இருக்கும். அடுத்து 08, அப்புறம் 13, 21, 34, 55. ஒவ்வொன்றும் முந்தைய இரண்டின் கூட்டல், ஃபிபனாச்சி எண்கள். மீதிகளையும் பாருங்கள்: 302இல் 3உம் 2உம், 503இல் 5உம் 3உம், 805இல் 8உம் 5உம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எக்ஸுக்கு நூறில் ஒன்று போட்டு, ஒன்றை, ஒன்று மைனஸ் எக்ஸ் மைனஸ் எக்ஸ் ஸ்கொயரால் வகுத்த கணக்கு இது. அல்-சமவ்அல் செய்தது போல நிறுத்தாமல் போனால் கெழுக்கள் ஃபிபனாச்சி எண்களாகவே வரும்.

55க்கு அப்புறம் 89 வரும் என்று பிள்ளை காத்திருக்கும். 90 வரும். ஏன் என்று அவர்களையே கேளுங்கள். அதற்கடுத்த எண் 144, இரண்டு இலக்க இடத்தில் அது கொள்ளாது. அதன் முதல் இலக்கமான 1 இடப்பக்கம் நகர்ந்து 89உடன் சேர்ந்துவிட்டது.